வாசகர் கேள்வி – பதில்: நினைவில் நிற்கும் விடுமுறைகள்

விடுமுறைப் பயணங்களைப் பற்றியும் அவை நினைவில் தங்கும் விதத்தைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: குடும்பத்தோடு இரண்டு வாரங்கள் சென்ற பயணம் எனக்கு மங்கலாகத்தான் நினைவில் இருக்கிறது. ஆனால் நண்பர்களோடு ஓரிரு நாட்கள் போய் வந்தது கண்முன் நிற்கிறது. நாட்கள் கூடினால் நினைவும் கூட வேண்டாமா?

பதில்: கூடுவதில்லை. நினைவு நாட்காட்டியைப் பார்த்து வேலை செய்வதில்லை என்பதை உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993-இல் ஒரு விசித்திரமான சோதனையின் வழியே காட்டினார்கள். பங்கேற்றவர்கள் ஒரு முறை 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடிகள் கையை வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடிகளுக்குப் பிறகு மேலும் 30 விநாடிகள் கை நீரிலேயே இருந்தது. அந்தக் கடைசி 30 விநாடிகளில் மட்டும் நீரின் வெப்பநிலை மெல்ல ஒரு டிகிரி உயர்த்தப்பட்டது. மூன்றாவது முறைக்கு எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டபோது, பத்தில் ஏறத்தாழ ஏழு பேர் நீண்ட வேதனையையே விரும்பினார்கள், ஏனென்றால் அதன் முடிவு சற்று இதமாக இருந்தது. ஓர் அனுபவத்தை நாம் பின்னால் எடைபோடும்போது, அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பது பெரிதாகக் கணக்கில் வருவதில்லை. அதன் உச்சமும் முடிவும்தான் கணக்கில் வருகின்றன என்பது அவர்களுடைய முடிவு.

குளிர்நீரில் வைத்த கைக்கும் குதூகலமான விடுமுறைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான ஐயமே. 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், விடுமுறைக்குச் சென்ற மாணவர்கள் தாங்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்பதை அன்றன்றே கைபேசிக் குறுஞ்செய்தியில் தெரிவித்தார்கள். பின்னர் அவர்கள் அந்த விடுமுறையை நினைவுகூர்ந்தபோது, உச்சம், முடிவு ஆகியவற்றைக் காட்டிலும், மற்ற நாட்களிலிருந்து மாறுபட்டு மனத்தில் பதிந்த ஒரு 24 மணி நேரமே அவர்களுடைய மதிப்பீட்டோடு நெருக்கமாகப் பொருந்தியது. உங்கள் சிறு பயணத்தில் அப்படி ஒரு நாள் இருந்திருக்கும். இரண்டு வாரப் பயணத்திலோ ஒரு நாளைப் போலவே அடுத்த நாளும் கழிந்திருக்கும். ஒன்றையொன்று ஒத்த நாட்களை நினைவு தனித்தனியே வைத்திருப்பதில்லை. அடுத்த பயணத்துக்குத் திட்டமிடும்போது நாட்களைக் கூட்டுவதற்குப் பதிலாக, மற்ற நாட்களைப் போல் இல்லாத ஒரு நாளை அதற்குள் வைக்கப் பாருங்கள். கடைசி நாளை மூட்டை கட்டுவதற்கும் ஓட்டத்துக்கும் மட்டும் ஒதுக்காதீர்கள்.

கேள்வி: குழந்தைப் பருவத்தில் கடலில் படகில் சென்றது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது, அலை முகத்தில் தெறித்ததுகூட நினைவிருக்கிறது. ஆனால் அம்மாவோ, நீ அப்போது கைக்குழந்தை, படகில் ஏறியவள் உன் அக்காதான் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் அம்மா சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெரும்பாலானோருக்கு எட்டக்கூடிய மிகப் பழைய நினைவு ஏறத்தாழ மூன்று, மூன்றரை வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தவை என்று நாம் நம்பும் காட்சிகள் பலவும் பிறர் சொல்லக் கேட்டதையும் ஆல்பத்தில் பார்த்த படங்களையும் கொண்டு பின்னால் உருவானவையே.

இதில் வியப்பூட்டுவது, அந்தக் காட்சி உருவாகும் எளிமை. 2002-இல் கிம்பர்லி வேடும் அவருடைய சகாக்களும் இருபது பேரிடம் அவர்களுடைய உண்மையான குழந்தைப் பருவப் படங்களோடு ஒரு போலிப் படத்தையும் கலந்து காட்டினார்கள். அவர்கள் ஒருபோதும் ஏறியிராத வெப்பக்காற்று பலூனில் அமர்ந்திருப்பதுபோல் அந்தப் படம் ஒட்டுவேலை செய்யப்பட்டிருந்தது. ஒன்றிரண்டு வாரங்களுக்குள் நடந்த மூன்று நேர்காணல்களின் முடிவில், பாதிப் பேர் அந்தப் பயணத்தை முழுதாகவோ ஓரளவோ 'நினைவுகூர்ந்தார்கள்'; படத்தில் இல்லாத விவரங்களையும் சிலர் சேர்த்துச் சொன்னார்கள். முகத்தில் தெறித்த அலையும் அப்படிச் சேர்ந்ததாக இருக்கலாம். அதற்காக நீங்கள் பொய் சொல்லிவிட்டதாக வருந்த வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை நினைவுகூரும்போதும் மனம் அந்த நிகழ்வைப் புதிதாகக் கட்டியெழுப்புகிறது. அக்காவின் படகில் உங்களுக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அக்காவிடம் வேண்டுமானால் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கே போனாலும் என் மகள் கைபேசியைக் கீழே வைப்பதில்லை. ஒரே காட்சியை நூறு படங்கள் எடுக்கிறாள். படம் எடுத்தால் நினைவு கெடும் என்று படித்தேன். தடுக்கலாமா?

பதில்: நீங்கள் படித்தது பாதி உண்மை. லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தவர்கள் படம் எடுத்த பொருட்களை, வெறும் கண்ணால் பார்த்த பொருட்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். கருவி பார்த்துக்கொள்ளும் என்று மனம் பொறுப்பைக் கைகழுவிவிடுகிறது என்பது இதற்கான விளக்கம். ஆனால் அதே ஆய்வில், பொருளின் ஒரு பகுதியை நெருங்கிப் பெரிதாக்கிப் படம் எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. படத்தில் அடங்காத பகுதிகளையும் அவர்கள் நன்றாகவே நினைவில் வைத்திருந்தார்கள். எதைப் படம் எடுப்பது என்று தாங்களே தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கண்ணால் கண்டவை கூடுதலாகவும் காதால் கேட்டவை குறைவாகவும் நினைவில் தங்கின என்று 2017-இல் வேறு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

ஆகவே தடுக்க வேண்டாம். நூறு படங்களுக்குப் பதிலாக நான்கு படங்கள் என்று ஒரு வரம்பை அவளோடு பேசி முடிவு செய்யுங்கள். எந்த நான்கு என்று தேர்ந்தெடுப்பதற்காகவே அவள் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். யாராவது கதை சொல்லும்போதும் வழிகாட்டி விளக்கும்போதும் மட்டும் கைபேசி பைக்குள் இருக்கட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எடுத்த படங்களைத் திரும்பப் பார்க்காவிட்டால் அவற்றால் பயன் எதுவும் இல்லை. பெரும்பாலான குடும்பங்களில் அந்தப் படங்கள் கைபேசி மாற்றும் நாளில்தான் மறுபடி கண்ணில் படுகின்றன.

கேள்வி: போகும் வழி நீண்டதாகவும் திரும்பும் வழி குறுகியதாகவும் தோன்றுவது ஏன்?

பதில்: பழகிய பாதை என்பதால்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்தபோது, வேறு பாதையில் திரும்பியவர்களுக்கும் திரும்பும் பயணம் குறுகியதாகவே தோன்றியது. போகும்போது சீக்கிரம் சேர்ந்துவிடுவோம் என்று நம்பி ஏமாறுகிறோம். திரும்பும்போது நெடுநேரம் ஆகும் என்று முன்கூட்டியே மனத்தைத் தயார் செய்துகொள்வதால் வழி சுருங்கியதுபோல் படுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

கேள்வி: மழை, வாக்குவாதம், தவறவிட்ட ரயில் என்று எல்லாம் கோணலாகப் போன ஒரு விடுமுறையை இப்போது வீட்டில் எல்லோரும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள். அன்று அழுதது நான் மட்டும்தானா?

பதில்: மற்றவர்களும் அழாத குறைதான்; மறந்துவிட்டார்கள். 1997-இல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பியச் சுற்றுலா சென்றவர்களையும் கலிஃபோர்னியாவில் மூன்று வார மிதிவண்டிப் பயணம் மேற்கொண்டவர்களையும் பயணத்துக்கு முன்னும், பயணத்தின்போதும், பின்னும் விசாரித்தது. பயணம் நடக்கும்போது இருந்த எரிச்சலும் சோர்வும், திரும்பி வந்த சில நாட்களிலேயே அவர்களுடைய மதிப்பீட்டில் கரைந்துபோயிருந்தன. சிறு தொல்லைகள் அந்த நேரத்தில் கவனத்தைக் கவர்ந்தாலும் நீண்ட நாள் நினைவில் நிற்பதில்லை. கோணலாகப் போனவற்றுக்கோ கதையாகும் தகுதி இருக்கிறது. எல்லாம் திட்டப்படி நடந்த பயணத்தைப் பற்றி வீட்டில் யார் பேசுகிறார்கள்? ஆனால் அன்று உங்களை உண்மையாகவே புண்படுத்திய ஒன்று நடந்திருந்தால், அதைச் சிரிப்போடு சேர்த்து விழுங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அதை ஒருமுறை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பயணத்தில் மகிழ்ச்சி மிகுந்த காலம் எது?

பதில்: புறப்படுவதற்கு முந்தைய காலம் என்று நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வைக் கொண்டு சொல்லலாம். விடுமுறைக்குச் செல்லவிருந்தவர்கள் செல்லாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பிய பின்னர், மிகவும் ஓய்வாகக் கழித்தவர்களைத் தவிர மற்றவர்களிடம் வேறுபாடு தெரியவில்லை. அந்த விதிவிலக்கும் சில வாரங்களே நீடித்தது. பயணத் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவது நல்லது.

கேள்வி: என் அப்பாவுக்கு மறதி நோய் முற்றிக்கொண்டு வருகிறது. அவர் ஆசைப்பட்ட இடத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். நாளைக்கே மறந்துவிடுவாரே, எதற்கு வீண் அலைச்சல் என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: கானமன் தம் உரைகளில் ஒரு கேள்வி கேட்டதுண்டு: விடுமுறை முடிந்ததும் படங்கள் எல்லாம் அழிக்கப்பட்டு, உங்கள் நினைவும் துடைக்கப்படும் என்றால், அதே விடுமுறையைத் தேர்ந்தெடுப்பீர்களா? உங்கள் உறவினர்கள் தங்களை அறியாமலே 'மாட்டோம்' என்று விடை சொல்கிறார்கள். அந்த விடையை நான் ஏற்கவில்லை. அந்த நாளை வாழ்பவர் அவர்; அது வாழப்படும் நேரத்தில் முழுமையானதே.

இதற்குச் சான்றும் உண்டு. 2010-இலும் 2014-இலும் வெளிவந்த ஆய்வுகளில், முதலில் மூளைச் சேதத்தால் புதிய நினைவுகளைத் தக்கவைக்க முடியாதவர்களுக்கும், பின்னர் அல்சைமர் நோயாளிகளுக்கும் மகிழ்ச்சியூட்டும் படக்காட்சிகளும் துயரக் காட்சிகளும் காட்டப்பட்டன. என்ன பார்த்தோம் என்பதை அவர்கள் விரைவில் மறந்துவிட்டார்கள். அந்தக் காட்சிகள் எழுப்பிய உணர்வோ அதற்குப் பிறகும் அவர்களிடம் நீடித்தது. எந்த இடத்துக்குப் போனோம் என்று உங்கள் அப்பாவால் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் மாலையில் அவர் அமைதியாக இருப்பதற்குக் காலையில் நீங்கள் அழைத்துச் சென்றது காரணமாக இருக்கலாம்.

அதே ஆய்வுகள் துயரமும் அப்படியே தங்கும் என்று காட்டுவதால், பயணத்தில் கவனம் தேவை. புதிய இடத்தில் இரவு தங்குவது இத்தகையவர்களை மிகவும் குழப்பக்கூடும் என்பதால், இயன்றால் அன்றே திரும்பும் தொலைவைத் தேர்ந்தெடுங்கள். உணவு, மருந்து, உறக்கம் ஆகியவற்றின் வழக்கமான நேரங்களை மாற்றாதீர்கள். கூட்டம் குறைந்த நாளில் செல்லுங்கள். உங்கள் கைபேசி எண் எழுதிய அட்டை ஒன்று அவர் சட்டைப் பையில் இருக்கட்டும். உடன் இன்னொருவரையும் அழைத்துச் செல்லுங்கள், நீங்கள் பயணச்சீட்டு வாங்கச் செல்லும் சில நிமிடங்களிலும் அவர் தனியாக நிற்கக் கூடாது. புறப்படுவதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.