ஆலோசகரின் பழைய கணக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். எங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பை நிர்வகிக்க முன்வரும் ஆலோசகர், நீண்ட அனுபவம் உண்டு என்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: பங்குத் தரகர்களைக் கண்காணிக்கும் அமைப்பான ஃபின்ராவின் ‘புரோக்கர்செக்’ தளத்தில் அவர் பெயரையோ சி.ஆர்.டி. எண்ணையோ (அவருக்கான பதிவு எண்) இட்டுத் தேடுங்கள். கட்டணம் இல்லை. வேலை பார்த்த நிறுவனங்கள், எழுதிய தேர்வுகள், பதிவு பெற்ற மாநிலங்கள் எல்லாம் வரும். பெரும்பாலோர் இத்தோடு மூடிவிடுகிறார்கள். என் ஆதங்கமே அதுதான். முழு அறிக்கையையும் தரவிறக்கி ‘டிஸ்க்ளோஷர்’ பகுதிக்குப் போங்கள். வாடிக்கையாளர் புகார், கேட்ட நஷ்டஈடு, சமரசத் தொகை, திவால் எனத் தேதியோடு இருக்கும். ஆலோசகரின் மறுப்பும் கூடவே இருக்கலாம். ஆனால் வெவ்வேறு ஆட்கள் ஒரே குறையைச் சொல்லியிருந்தால், எத்தனை நயமான மறுப்பையும் நான் ஏற்கமாட்டேன். பிறகு புகார் வந்த மாதத்தையும் அவர் நிறுவனம் மாறிய மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒட்டியிருந்தால், ஏன் விலகினீர்கள் என்று நேரிலேயே கேளுங்கள். சில புகார்களை நடுவர் மன்றம் வழியாக நீக்கிவிடவும் முடியும். எனவே பங்கு, பத்திர முதலீடுகளைக் கண்காணிக்கும் மாநில செக்யூரிட்டீஸ் அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

கேள்வி: எஸ்.இ.சி.யில் (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு ஆணையம்) பதிவு செய்தவர் என்றால் போதும்தானே?

பதில்: போதாது. பதிவு என்பது பரிந்துரை ஆகாது.

கேள்வி: ஆன்யூட்டி (காப்பீட்டு நிறுவனம் தவணையாக வருமானம் தரும் ஒப்பந்தம்) ஒன்றில் கையெழுத்திட்டுவிட்டேன். விற்றவரின் அட்டையில் ‘நிதி ஆலோசகர்’ என்றிருந்தது. இப்போது தேடினால் பெயரே வரவில்லை.

பதில்: கையெழுத்துக்கு முன்பல்லவா தேடியிருக்க வேண்டும்? காப்பீட்டு உரிமம் மட்டும் வைத்திருப்பவர் புரோக்கர்செக்கில் வரமாட்டார். மாநிலக் காப்பீட்டுத் துறையில் பாருங்கள். வாங்கியதைத் திருப்பித் தர ‘ஃப்ரீ லுக்’ காலம் இருக்கும், பல மாநிலங்களில் குறைந்தது 10 நாள். பாலிசியை இன்றே எடுத்துப் படியுங்கள். நான் வாங்கிய ஆன்யூட்டியிலிருந்து, முன்கூட்டியே விலகுவதற்கான சரண்டர் கட்டணம் கட்டித்தான் வெளியே வந்தேன்.

கேள்வி: என் அம்மாவைக் கேட்காமலே அவர் கணக்கில் பங்குகளை வாங்கி விற்றிருக்கிறார் தரகர். வெளியே சொல்ல அம்மா கூச்சப்படுகிறார்.

பதில்: கூச்சப்பட வேண்டியவர் அந்தத் தரகர். அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள். மாதாந்திர ஸ்டேட்மென்ட் ஒன்றையும் தொலைத்துவிடாதீர்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்; நஷ்டத் தொகையையும் குறிப்பிடுங்கள். இப்படிப்பட்ட புகாரில் கேட்கும் தொகை 5,000 டாலரோ அதற்கு மேலோ என்றால், அது அவருடைய பதிவேட்டில் ஏறும். ஃபின்ரா நடுவர் மன்றத்துக்குப் போவதானால், சம்பவம் நடந்து 6 ஆண்டுக்குள் போக வேண்டும். மாநிலச் சட்டத்தில் கெடு இன்னும் குறைவாக இருக்கலாம். இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.