எமிலியின் கடிதங்களும் என் தூக்கமின்மையும்

அன்புள்ள ஆலோசகருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கடிதங்களை முனைவர் பட்டத்துக்காக ஆய்கிறேன். அண்ணி சூசனுக்கு அவர் எழுதியவை காதல் கடிதங்களா, அக்காலப் பெண்களின் நட்பு மொழியா என்று ஆய்வாளர்கள் இரண்டுபட்டு நிற்கிறார்கள். நட்புதான் என்று யாராவது முடித்துவிட்டால் நாள் முழுதும் மனம் கொதிக்கிறது. நானும் ஒரு பெண்ணை நேசிக்கிறேன், வீட்டில் சொன்னதில்லை. இரவெல்லாம் அதே கடிதங்களைப் புரட்டுகிறேன். ஆய்வேடு நகரவில்லை.

வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எமிலியைப் பற்றிய கருத்தை உங்கள் மனம் உங்கள்மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறது. கொதிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

உங்களிடம் இருக்கும் சான்றையும் பாருங்கள். 1886இல் எமிலி இறந்ததும், அவருக்கு வந்த கடிதங்களைத் தங்கை லவினியா எரித்துவிட்டார். சூசனின் குரல் பெரும்பாலும் அதோடு போயிற்று. அண்ணன் ஆஸ்டினுக்கு எமிலி எழுதிய சில கடிதங்களில் சூசனைப் பற்றிய இடங்கள் சுரண்டி அழிக்கப்பட்டுள்ளன. 1890இல் எமிலியின் கவிதைகளை முதலில் பதிப்பித்த இருவரில் ஒருவரான மேபல் டாட், சூசனின் கணவர் ஆஸ்டினின் காதலி. இவ்வளவு சிதைந்த சான்றிலிருந்து முழு உறுதி கிடைக்காது. படித்ததும் சற்று ஆறுதல், பிறகு முன்னைவிடக் கூர்மையான சந்தேகம், மறுபடி படிப்பு: பதற்றம் இப்படித்தான் வளர்கிறது.

கடிதங்களைப் பகலில் மட்டும், அலாரம் வைத்து 45 நிமிடம் படியுங்கள். இரவில் கை பரபரத்தால் 15 நிமிடம் தள்ளிப்போடுங்கள். வேகம் பெரும்பாலும் தணிந்துவிடும். நோட்டில் பக்கத்தை மூன்றாகப் பிரித்து, கடிதத்தின் வரி, ஆய்வாளரின் ஊகம், உங்களுக்குள் எழுந்தது என்று எழுதுங்கள். பலரும் தவறுவது மூன்றாவதில்தான். 'சூசன் மறைக்கப்பட்டாள்' என்று அங்கேயும் ஆய்வு மொழியில் எழுதிவிடுவார்கள். 'என்னை மறைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது' என்று எழுதினால்தான் பயம் யாருடையது என்று தெரியும். அந்தப் பகுதி ஆய்வேட்டுக்குள் போக வேண்டாம். ஆலோசனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.

ஆய்வேட்டில் 'இருக்கலாம்' என்று எழுதுவது எமிலிக்குச் செய்யும் துரோகமல்ல. சூசனுக்கு அவர் 250க்கும் மேற்பட்ட கவிதைகளை அனுப்பியிருக்கிறார். உறவுக்கு என்ன பெயர் வைத்தாலும் அது மாறாது. அங்கிருந்து தொடங்குங்கள்.

வீட்டில் சொல்ல அவசரமில்லை. நம்பகமான ஒருவரிடம் முதலில் பேசுங்கள். படிப்புச் செலவும் தங்குமிடமும் குடும்பத்தைச் சார்ந்திருந்தால், மாற்று ஏற்பாடு செய்தபிறகு சொல்வது நல்லது. தூக்கமின்மை சில வாரங்கள் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றைக்கே போங்கள். உங்கள் விருப்பத்தை 'மாற்றித்தருகிறேன்' என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். அது சிகிச்சையே அல்ல.