கற்றாழைப் பாட்டிலை என்ன செய்வது?

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகளுக்கு எட்டு வயது. வீடியோக்களில் பெரியவர்கள் பூசுவதையெல்லாம் பார்த்துவிட்டு, தனக்கும் க்ரீம் வேண்டும் என்று ஒரே அடம். வாங்கித் தர மனமில்லாமல், விடுமுறையில் இருவருமாகக் கற்றாழைச் சோறு, பன்னீர், தேன் மூன்றையும் அரைத்து ஒரு ஜெல் செய்தோம். உதட்டில் தேய்க்கச் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும். ஜெல்லைப் பாட்டிலில் வைத்து இரண்டு வாரமாகப் பூசிக்கொள்கிறாள். "கடையில் விற்பதில் கெமிக்கல் இருக்கு, நாம செஞ்சதுல இல்லை, அதனால ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நாத்தனார்தான் "கெடாம இருக்க எதுவும் போடலையா?" என்று கேட்டு வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டார். ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றியிருக்கிறேன். போதாதா?

ம.

அன்புள்ள ம.,

போதாது. அந்தப் பாட்டிலை இன்றே கொட்டிவிடுங்கள்.

வைட்டமின் ஈ, எண்ணெயில் சிக்கு வாடை வருவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். கிருமியைத் தடுக்காது. தேன் கெடாதே என்பீர்கள். நீர்ச்சத்து குறைவாக இருக்கும்வரைதான் கெடாது. கற்றாழையும் பன்னீரும் சேர்ந்து நீர்த்துவிட்டால் அதுவே கிருமிகளுக்குத் தீனி. பார்க்கத் தெளிவாக இருக்கிறதே என்பதும் கணக்கில்லை. பூஞ்சை கண்ணில் படுவதற்கு முன்பே பாக்டீரியா லட்சக்கணக்கில் பெருகியிருக்கலாம். தண்ணீர் சேர்ந்த எதையும் ஒரு வேளைக்கு மட்டும் செய்யுங்கள், மிச்சத்தைக் கொட்டுங்கள்.

எலுமிச்சையையும் விட்டுவிடுங்கள். சாற்றின் பி.ஹெச். (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 2 பக்கம், தோலின் மேற்பரப்பு 5 பக்கம். அது வெறும் எரிச்சலோடு போனாலும் போகும். ஆனால் எலுமிச்சை வகைப் பழங்களில் ஃப்யூரனோகூமரின் என்ற பொருளும் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம்போலக் கொப்பளிக்கலாம். ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும் என்பதால் யாரும் எலுமிச்சையைச் சந்தேகிப்பதில்லை. கருமை மறைய மாதக்கணக்கில் ஆகலாம்.

இதையெல்லாம்விட உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஒரு வாக்கியம். பன்னீரும் கெமிக்கல்தான் என்று வாதாடி ஜெயிக்க எனக்கு ஆசையில்லை. "அதனால ஒண்ணும் பண்ணாது" என்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். என் மகன் சின்னவனாக இருந்தபோது நானும் இதையே சொல்லி, இதே சர்க்கரை எலுமிச்சையைத் தேய்த்துவிட்டேன். ராத்திரி கன்னம் செவந்து கிடந்தது. "எரிஞ்சப்பவே ஏண்டா சொல்லல?" என்றால், "ஒண்ணும் பண்ணாதுன்னு நீதானேம்மா சொன்னே" என்றான். எரிந்தால் சொல்ல வேண்டும் என்ற புத்தியை நானே பிடுங்கி வைத்திருந்தேன்.

தோலில் போடுவது தோலோடு நிற்பதும் இல்லை. ஜப்பானில் கோதுமைப் புரதத்தை உடைத்துச் சேர்த்த முகச்சோப்பு ஒன்றால் 2,000 பேருக்கு மேல் கோதுமை சாப்பிட்டாலே ஒவ்வாமை என்ற நிலைக்கு வந்தார்கள். 2011இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். வெடிப்போ அரிப்போ உள்ள பிள்ளைக்குக் கடலை, பாதாம் எண்ணெய்களைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். எதையும் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். அந்தப் பொட்டைக் காவல் காக்கும் வேலையை அவளிடமே கொடுங்கள்.

அவளோடு செய்யத் தோதானது உதட்டு பாம். தண்ணீரே கிடையாது. தேன்மெழுகு 10 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 30 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் அவளே நிறுக்கட்டும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்குவது உங்கள் வேலை. மெழுகு உருக 62 முதல் 65 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் பிள்ளையின் கை வரக்கூடாது. உருகியதும் ஃப்ரிட்ஜில் வைத்த கரண்டியின் பின்பக்கத்தில் ஒரு சொட்டு விடுங்கள். தெளிவாக இருந்த சொட்டு ஓரத்திலிருந்து வெளிறிக்கொண்டே நடுவுக்கு வரும். ஆறியதும் அவள் விரலால் அழுத்தித் தீர்ப்புச் சொல்லட்டும்: கல்லாக இருந்தால் இன்னும் கொஞ்சம் எண்ணெய், குழைந்தால் கொஞ்சம் மெழுகு. எங்கள் வீட்டில் இந்தக் கரண்டிக்காகத்தான் சண்டையே வரும். ஐந்து கிராம் டப்பா எட்டு நிரம்பும். ஈரக்கை படாமல் இருந்தால் மாதக்கணக்கில் நிற்கும். சிக்கு வாடை வந்தால் முடிந்தது.

வாசனைக்காகப் புதினா எண்ணெய், அந்த எண்ணெய், இந்த எண்ணெய் எதுவும் சேர்க்காதீர்கள். பிள்ளைக்கு வாசனை கேட்கும், மெழுகின் வாசனையே போதும் என்று சமாளியுங்கள். வீட்டில் சோப்புச் செய்வதும் வேண்டாம், அதற்குத் தோலைப் பொசுக்கும் காஸ்டிக் சோடாவைக் கையாள வேண்டும். சன்ஸ்கிரீன் வீட்டில் செய்யவே கூடாது.

க்ரீம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கேலன் கதையைச் சொல்லுங்கள். 2ஆம் நூற்றாண்டு மருத்துவர். மெழுகையும் ரோஜா ஊறிய எண்ணெயையும் உருக்கி, அதில் தண்ணீரை அடித்துச் சேர்ப்பது அவர் பெயரால் வழங்கும் முறை. பூசினால் தண்ணீர் ஆவியாகித் தோல் குளிரும். கோல்ட் க்ரீம் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். அதையும் ஒரு வேளைக்கு மட்டும் அடித்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும். அவளுக்கு அதுவே வேடிக்கை.

பாட்டிலைக் கொட்டினால் அழுவாள். அதனால் கொட்டுவதற்கு முன், புதிதாகக் கொஞ்சம் ஜெல் அரைத்து இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் மூடுங்கள். தேதி எழுதி ஒன்றை ஃப்ரிட்ஜிலும் ஒன்றை அலமாரியிலும் வையுங்கள். திறக்கக் கூடாது, பூசக் கூடாது, தினமும் பார்க்க மட்டும். புள்ளி வந்ததும் மூடியபடியே குப்பையில் போட்டுவிடுங்கள். எத்தனாவது நாள், எந்தக் குப்பியில் முதலில் என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். அலமாரிக் குப்பி ஒரு வாரம் தாங்காது என்பது என் பந்தயம்.

அன்புடன்,
அக்கா