வலது கப் ஏறவில்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய இரும்புப் பிரேம் ஒன்று கிடைத்தது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே சைக்கிள் கோத்துவிடலாம் என்று இறங்கினேன். பெடல்களின் நடு அச்சு உட்காருகிற பாட்டம் பிராக்கெட்டில், அச்சைத் தாங்கும் மரை போட்ட கிண்ணங்களில் இடது கப் சுலபமாகப் போகிறது, வலது கப் மரையில் ஏறவே மாட்டேன் என்கிறது. 26 இஞ்ச் ரிம்முக்கு 26 இஞ்ச் டயர்தான் வாங்கினேன், அதுவும் உட்காரவில்லை. பிரேம் கெட்டுவிட்டதா? முழு சைக்கிளாகவே வாங்கியிருக்கலாமே என்கிறார்கள் வீட்டில்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். வலது கப்பையும் வலப்பக்கமாகவே சுற்றியிருப்பீர்கள். பெரும்பாலான பிரேம்களில் அங்கே எதிர்மரை, இடப்பக்கமாகச் சுற்றினால்தான் ஏறும். மிதிக்க மிதிக்க உள்ளே உருளும் பால்ரஸ், அச்சு சுற்றுகிற திசைக்கு எதிராகக் கப்பை மெல்ல மெல்லத் திருகப் பார்க்கும். சாதாரண மரையாக இருந்தால் ஓட்ட ஓட்டக் கழன்றுவிடும். இடது பெடலிலும் எதிர்மரைதான், மறந்துவிடாதீர்கள்.

பாட்டம் பிராக்கெட் குழாயின் அகலத்தையும் அளந்து பாருங்கள். 68 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் மேலே சொன்னதுதான். 70 என்றால் இத்தாலிய அளவு, இரண்டு பக்கமும் சாதாரண மரை. இடது கப் ஒழுங்காக ஏறி வலது மட்டும் அடம்பிடிப்பதால் உங்களுடையது 68 ஆகத்தான் இருக்கும்.

நான் கோத்த முதல் சைக்கிளில் இதே கப்பை நீளமான ஸ்பேனர் போட்டு அழுத்தினேன். ஏறுகிற மாதிரிதான் இருந்தது. கழற்றிப் பார்த்தால் கிரீஸோடு சேர்ந்து மயிரிழை மாதிரி இரும்புச் சுருள்கள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தன. முதல் இரண்டு மரை போய்விட்டது. அன்றிலிருந்து எந்த மரையையும் விரலால்தான் தொடங்குகிறேன். பழைய பிரஷ்ஷால் மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, கப்பை நேராக வைத்து, முதலில் கழற்றுகிற திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். 'டிக்' என்று மரை விழுவது விரலுக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்து இறுக்குங்கள். மூன்று சுற்று விரலாலேயே போக வேண்டும், ஸ்பேனர் அதற்குப் பிறகுதான்.

டயரில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை, பெயரில்தான் குழப்பம். 26 இஞ்ச் என்ற ஒரே பெயரில் 559, 590 என்று ரிம்மில் டயர் உட்காரும் இடத்துக்கு வெவ்வேறு மில்லிமீட்டர் விட்டங்கள் இருக்கின்றன. டயரின் பக்கவாட்டில் 37-590 என்பதுபோல ஒரு எண் இருக்கும். பின்னால் உள்ள மூன்று இலக்கம் ரிம்மின் எண்ணோடு அப்படியே பொருந்த வேண்டும். நெம்பி ஏற்றப் பார்க்காதீர்கள், மாற்றி வாங்குங்கள்.

வீட்டில் கேட்பது நியாயம்தான். காசை மிச்சம் பிடிக்க இது வழியில்லை. மொத்தமாக வாங்குகிற கம்பெனியின் விலைக்கு நமக்கு உதிரிப் பாகம் கிடைக்காது. ஆனால் நாமே கோத்த வண்டியில் ஒரு சத்தம் வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியும். எனக்கு அது பெரிய விஷயம்.

இனி எதையும் பிரேமை அளக்காமல் வாங்காதீர்கள். பின் ஹப் (பின்சக்கரத்தின் நடுப்பாகம்) வாங்குமுன் அச்சு உட்காரும் இரண்டு காடிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி, சீட் கம்பிக்குக் குழாயின் உள்விட்டம். அங்கே 0.2 மில்லிமீட்டர் வித்தியாசம்கூடப் படுத்தும். அலுமினியச் சீட் கம்பியை கிரீஸ் தடவாமல் இரும்புக் குழாயில் விட்டால் சில வருடத்தில் இரண்டும் பிடித்துக்கொள்ளும், அப்புறம் வெளியே எடுப்பது பெரும்பாடு.

கப் ஏறியதும் எழுதுங்கள். வீல் கோட்டம் எடுப்பதைப் பற்றி அப்போது விரிவாகச் சொல்கிறேன்.