மேக்னம் ரைஃபிளுக்கு வேகம் குறைஞ்ச லோடு: எந்த பவுடர் வாங்கறது?

கேள்வி: டெக்சாஸ்ல இருக்கேன். .300 வின்செஸ்டர் மேக்னம் வச்சிருக்கேன், 180 கிரெய்ன் (எடை அளவு) புல்லட் போட்டு சுட்டா தோள்பட்டை கழண்டுடும் போல இருக்கு. 15 வயசுப் பையனும் மான் வேட்டைக்கு இதையே கேக்கறான். ரீலோடிங் பிரஸ் (தோட்டாவுக்கு நாமளே பவுடர் நிரப்பற மெஷின்) வீட்லயே இருக்கு. இப்ப போடற ஸ்லோ பவுடரையே (மெதுவா எரியற வெடிமருந்து) பாதியா குறைச்சுட்டா போதாதா?

பதில்: தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. எச் 1000, எச் 4831 மாதிரி மெதுவா எரியற பவுடரெல்லாம் கேஸ் (தோட்டாவோட பித்தளைக் கூடு) நெறைஞ்சு இருந்தாத்தான் ஒழுங்கா எரியும், பாதி காலியா விட்டா சில சமயம் லேட்டா பத்தும், சில சமயம் பிரஷர் தாறுமாறா எகிறி துப்பாக்கியே உடைஞ்சிருக்கு.

ஹாட்ஜ்டன்கற பவுடர் கம்பெனியோட எச் 4895 ஒரு பவுண்டு டப்பா வாங்குங்க. கடையில ஐ.எம்.ஆர் 4895-னும் ஒண்ணு இருக்கும், நம்பர் ஒண்ணுதான் ஆனா பவுடர் வேற, லேபிளை ரெண்டு தரம் பாத்துட்டு பில் போடுங்க. ஹாட்ஜ்டன் சொல்ற 60 சதவீத கணக்கு எச் 4895-க்குத்தான்: அவங்க பட்டியல்ல உங்க கேலிபருக்கும் புல்லட் எடைக்கும் அந்த பவுடர் மேக்ஸிமம் என்னவோ அதை 0.6-ஆல பெருக்கி அங்கேர்ந்து ஆரம்பிக்கணும், அதுக்குக் கீழ போகவே கூடாது. உதாரணத்துக்கு மேக்ஸிமம் 60 கிரெய்ன்னு வைங்க, 36 வரும் (இது கணக்குக்குத்தான், இதையே அளந்து போட்டுடாதீங்க). பட்டியல்ல எச் 4895 இல்லைன்னா அந்த புல்லட்டுக்கு இந்தக் கணக்கே கிடையாது. பவுண்டுக்கு 7000 கிரெய்ன், அந்த அளவுல 190 ரவுண்டுக்கு மேல வரும், எட்டு பவுண்டு ஜாடிக்கு இப்ப அவசரமே இல்ல.

எனக்கு ரொம்ப பயம் இதுலதான்: இவ்ளோ பெரிய கேஸ்ல 36 கிரெய்ன் அடியில கெடக்கும், மறந்துபோய் இன்னொரு தரம் ஊத்தினாலும் வழியாது, 72-ம் உள்ள அடங்கிடும், சுட்டா ரைஃபிள் போச்சு, கண்ணும் போகலாம். அதனால புல்லட் வைக்கறதுக்கு முன்னாடி எல்லா கேஸையும் பிளாக்ல (குழி வச்ச பலகை) நிக்கவச்சு டார்ச் அடிச்சு பவுடர் மட்டம் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க, நான் ஒரு தரம்கூட இதை விட்டதில்ல.

புல்லட்டும் மாத்தணும். மேக்னம் வேகத்துக்குன்னு செஞ்ச கெட்டி புல்லட் மெதுவா போனா விரியாது, மான் காயத்தோட ஓடிடும். 125, 150 கிரெய்ன்ல சாஃப்ட்டானதா எடுங்க. நோஸ்லர் பாலிஸ்டிக் டிப் நொடிக்கு 1800 அடி வேகம் இருந்தாலே விரியும்னு அந்தக் கம்பெனியே சொல்லுது. ஸ்கோப்பையும் புது லோடுக்கு மறுபடி ஜீரோ பண்ணுங்க (குறி வச்ச இடத்துலயே குண்டு படற மாதிரி சரிபண்ணுங்க), பழைய செட்டிங்ல குண்டு பெரும்பாலும் கீழதான் போகும்.