எஞ்சினை ஆஃப் பண்ணியாச்சு, அப்புறம் எதுக்கு 80 பவுண்ட்?

கேள்வி: அண்ணா, நான் லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருக்கேன். போன வாரம் பெரியவளைக் கூட்டிட்டு வர ஸ்கூல் பக்கத்துல கார்ல வெயிட் பண்ணிட்டிருந்தேன். சின்னவன் பின் சீட்ல தூங்கிட்டிருந்தான், நல்ல குளிர், அதனால ஹீட்டர் போட்டு எஞ்சினை ஓட விட்டிருந்தேன். மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு அம்மா கண்ணாடியைத் தட்டி ஆஃப் பண்ணச் சொன்னாங்க, உடனே பண்ணிட்டேன், பேப்பர் எதுவும் குடுக்கல. ரெண்டு நாள் கழிச்சு போன்ல ஒரு மெசேஜ், 80 பவுண்ட் பெனால்டி, இன்னைக்கு ராத்திரிக்குள்ள கட்டலைன்னா லைசென்ஸ் போயிடும்னு லிங்க்கோட வந்திருக்கு. தெரிஞ்சவர் ஒருத்தர் 60 பவுண்ட் குடுங்க, லாக்புக்கை (வண்டியோட பதிவுப் பத்திரம்) போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க, நான் கேன்சல் பண்ணித் தர்றேங்கறார். இன்னொண்ணு, வீட்டுக்காரர் பில்லிங்ஸ்கேட் மீன் மார்க்கெட்ல இருந்து மீன் எடுத்துட்டு வர்ற ஃப்ரிட்ஜ் வேன் ஓட்டுறார். அவருக்கும் இந்த சட்டம் உண்டா?

பதில்: முதல்ல ஒரு விஷயம் தங்கச்சி, அந்த லிங்க்கைத் தொடாதீங்க, அந்த 60 பவுண்டையும் குடுக்காதீங்க. லாக்புக் போட்டோவை ஏற்கெனவே அனுப்பியிருந்தா என்ன பண்ணணும்னு பின்னாடி சொல்றேன், அனுப்பலைன்னா அனுப்பவே அனுப்பாதீங்க. நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா உங்களுக்கு ஃபைனே கிடையாது.

ஏன்னு சொல்றேன். நிறுத்தின வண்டியில தேவையில்லாம எஞ்சினை ஓட விடக்கூடாதுங்கறது இங்க புது சட்டம் இல்ல, 1986-லயே வண்டிகளுக்கான விதியில 98-வது விதியா இருக்கு. ரோட்டு விதிப் புத்தகமான ஹைவே கோட்ல 123-வது ரூலும் அதேதான், லைசென்ஸ் எடுக்கும்போது எல்லாரும் படிச்சிருப்போம், மறந்திருப்போம். அதை வச்சு கவுன்சில் (உள்ளூர் நகராட்சி மாதிரி) ஆளே ஃபைன் போடலாம்னு 2002-ல ஒரு விதி கொண்டு வந்தாங்க. அதுல தொகை 20 பவுண்ட், 28 நாள்ல கட்டலைன்னா 40. ஆனா அவங்க முதல்ல தன்னோட அடையாளத்தைக் காட்டி ஆஃப் பண்ணச் சொல்லணும், நீங்க மாட்டேன்னாதான் ஃபைன். சொன்னதும் ஆஃப் பண்ணிட்டா விஷயம் அங்கயே முடிஞ்சிடும். நீங்க ஆஃப் பண்ணிட்டீங்க, கையில பேப்பரும் தரல. அவ்வளவுதான். இதுல லைசென்ஸ்ல பாயின்ட்டும் ஏறாது, அதனால "லைசென்ஸ் போயிடும்"னு எழுதியிருக்கற ஒரு வரியிலயே அது யார் அனுப்பின மெசேஜ்னு தெரிஞ்சிடுது.

அப்போ 80 எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. வெஸ்ட்மின்ஸ்டர் மாதிரி சில இடத்துல இந்த 20 பவுண்டுக்கு யாரும் பயப்படலைன்னு எஞ்சின் விஷயத்தையே பார்க்கிங் விதிக்குள்ள கொண்டு வந்து 80 பவுண்ட்னு வச்சாங்க. அதனால அந்த நம்பர் ஜனங்க காதுல ஏற்கெனவே விழுந்திருக்கு, ஏமாத்தறவனுக்கு அதுவே போதும். ஆனா அங்க கூட ஃபைன் பேப்பர்லதான் வரும், கையில குடுப்பாங்க, கண்ணாடியில ஒட்டுவாங்க, இல்ல தபால்ல வரும். உங்க போன் நம்பர் அந்த மஞ்சள் ஜாக்கெட் வார்டன் அம்மாவுக்கு எப்படித் தெரியும், யோசிச்சுப் பாருங்க. கார் நம்பரை வச்சு கவுன்சிலுக்குக் கிடைக்கறது பேரும் வீட்டு அட்ரஸும்தான். இந்த மெசேஜை ஒருத்தன் ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்துல தட்டி விடறான், அதுல உங்களை மாதிரி ரெண்டு நாள் முன்னாடி நிஜமாவே வார்டன்கிட்ட பேசின ஒருத்தர் மாட்டினா பயந்து கட்டிடுவாங்க. மெசேஜை அப்படியே மோசடி மெசேஜைப் புகார் பண்ற 7726-க்கு ஃபார்வர்ட் பண்ணுங்க, காசு போகாது. கார்டு நம்பரை ஏற்கெனவே போட்டிருந்தா இதைப் படிக்கறதை நிறுத்திட்டு 159-க்குப் போன் பண்ணுங்க, அது நேரா உங்க பேங்க்குக்குக் கனெக்ட் பண்ணும்.

எனக்கு இதுல கோவம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. நான் பார்க்கிங் அப்பீல் வேலையிலயே பல வருஷம் இருந்தவன், இப்ப சனிக்கிழமைகள்ல நம்ம ஆளுங்க கொண்டு வர்ற லெட்டரைப் படிச்சு சொல்றேன். வர்றதுல பாதிக்கு மேல ஒரே குழப்பம்தான். கவுன்சில் குடுக்கறது பெனால்டி சார்ஜ் நோட்டீஸ், சுருக்கமா பி.சி.என். சூப்பர் மார்க்கெட் கார் பார்க் நடத்தற பிரைவேட் கம்பெனி அனுப்பறது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ், அதுக்கும் சுருக்கம் பி.சி.என்.தான். ரெண்டும் ஒரே மாதிரி மஞ்சள் கருப்பு, ஒரே மாதிரி பயமுறுத்தற எழுத்து. ஒண்ணு சட்டப்படி போட்ட ஃபைன், இன்னொண்ணு ஒரு கம்பெனி "எங்க நிபந்தனையை மீறிட்டீங்க, காசு குடுங்க"ன்னு கேக்கற பில். எஞ்சின் ஓட விட்டதுக்கான கவுன்சில் ஃபைன் பொது ரோட்டுக்குத்தான். பிரைவேட் இடத்துல அந்த மாதிரி ஒண்ணு வந்தா அது கவுன்சில் ஃபைன் இல்ல, அதுக்கு அப்பீல் பண்ற இடமே வேற. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கணும்னு பார்லிமென்ட்ல 2019-ல ஒரு சட்டம் போட்டாங்க, 2022 பிப்ரவரில விதிமுறையும் வெளியிட்டாங்க, ஜூன்ல அதை வாபஸ் வாங்கிட்டாங்க. இங்கிலீஷ் லெட்டரைப் பார்த்தாலே கை நடுங்கற நம்ம அம்மாமார்கள்தான் இதுக்கு விலை குடுக்கறாங்க.

அந்த இடைவெளியிலதான் உங்க "தெரிஞ்சவர்" மாதிரி ஆளுங்க நுழையறாங்க. ஒரு தம்பி போன வருஷம் என்கிட்ட வந்தான், கையில ஒரு சாரி கடை பை, அதுக்குள்ள பதினோரு கவர், ஏழு பிரிக்கவே இல்ல. விசாரிச்சா, எல்லாமே ஒரே ஒரு பார்க்கிங் டிக்கெட்டுக்கு வந்தது. அதை ஒருத்தர்கிட்ட குடுத்து காசும் குடுத்திருக்கான், அவர் "முடிச்சாச்சு தம்பி, இனிமே லெட்டர் வந்தா கண்டுக்காத"ன்னு சொல்லியிருக்கார். இவனும் நம்பி வர்ற கவரையெல்லாம் பைக்குள்ள போட்டுட்டே வந்திருக்கான். என்ன நடந்துச்சுன்னா, முதல் 14 நாள்ல கட்டியிருந்தா பாதிதான், அது போச்சு. அடுத்து முழுத் தொகை. அதுக்கும் பதில் இல்லைன்னதும் சார்ஜ் சர்ட்டிபிகேட்னு ஒண்ணு வந்து தொகையில 50 சதவீதம் ஏறிடுச்சு. அப்புறம் கோர்ட்ல பதிவாகி ஆர்டர், அதுக்கு 21 நாள்தான் டைம், அதுக்கப்புறம் பெயிலிஃப், அதாவது கோர்ட் ஆர்டரை வச்சு வீட்டுக்கு வந்து காசு வசூலிக்கறவங்க. பெயிலிஃப் வீட்டு வாசலுக்கு வந்துட்டா அவங்க ஃபீஸ் மட்டுமே 200 பவுண்டுக்கு மேல தனியா ஏறும். அந்த ஆள் செஞ்ச வேலை என்னன்னா எதுவுமே இல்ல, ஒரு லெட்டர் கூட எழுதல. பத்துப் பேர்கிட்ட வாங்கினா அதுல நாலு டிக்கெட்டைக் கவுன்சிலே ஏதோ காரணத்துக்கு விட்டுடும், அந்த நாலு பேர் ஊரெல்லாம் அவர் பேரைச் சொல்லுவாங்க.

இன்னொண்ணு, அப்பீல் பண்றதுக்குக் காசே கிடையாது. கவுன்சில் டிக்கெட்டுன்னா முதல்ல கவுன்சிலுக்கே எழுதணும், அவங்க மறுத்தா லண்டன் ட்ரிப்யூனல்ஸ்ங்கற தனி அப்பீல் அமைப்பு, அதுவும் ஃப்ரீ. தமிழ்ல பேசி இங்கிலீஷ்ல எழுதித் தர பக்கத்து வீட்டு ஏ லெவல் படிக்கற பிள்ளை போதும், நாலு வரி, போட்டோ இருந்தா போட்டோ. டிக்கெட் நிஜமா பொய்யான்னு பார்க்கறதும் சுலபம், மெசேஜ்ல வந்த லிங்க்ல போகாம கவுன்சில் பேரை நீங்களே டைப் பண்ணி அவங்க சைட்டுக்குப் போங்க, டிக்கெட் நம்பரும் கார் நம்பரும் போட்டா வார்டன் எடுத்த போட்டோ வரும். நம்பரே இல்லாத டிக்கெட் டிக்கெட் இல்ல.

லாக்புக் ஏன் அனுப்பக்கூடாதுங்கறேன்னா அதுல 11 இலக்கத்துல ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கு. அது உங்க வண்டியோட சாவி மாதிரி, அதை வச்சு வண்டிப் பதிவையும் லைசென்ஸையும் பார்த்துக்கற அரசு அலுவலகமான டி.வி.எல்.ஏ.ல உங்க வண்டி பேர்ல வேலை பண்ண முடியும், அதனாலதான் போட்டோ எடுத்து எங்கயும் போடாதீங்கன்னு அவங்களே சொல்றாங்க. ஏற்கெனவே அனுப்பியிருந்தா டி.வி.எல்.ஏ.வுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லுங்க. அப்படியே அந்த லாக்புக்ல இருக்கற அட்ரஸ் இப்ப இருக்கற வீடுதானான்னும் பாருங்க. லைசென்ஸ்ல அட்ரஸ் மாத்தினா லாக்புக்லயும் தானா மாறிடும்னு நம்மள்ல எத்தனையோ பேர் நினைக்கறாங்க, மாறாது, ரெண்டும் தனித்தனி. வாடகை வீடு மாறிட்டே இருக்கற நமக்கு பெயிலிஃப் வரைக்கும் போறதுக்கு நான் பார்த்த பெரிய காரணமே இதுதான், எல்லா லெட்டரும் பழைய வீட்டு ஹால்ல கிடக்கும். அட்ரஸ் மாத்தாம இருந்தா அதுக்கே 1,000 பவுண்ட் வரைக்கும் ஃபைன் போடலாம், மாத்தறதுக்கோ பைசா செலவில்ல.

இப்ப வீட்டுக்காரர் வேன். இதைக் கொஞ்சம் நிதானமா படிக்கச் சொல்லுங்க, ஏன்னா "ஃப்ரிட்ஜ் வேனுக்கு சட்டம் கிடையாது"ன்னு நம்ம கடைக்காரங்க மத்தியில ஒரு பேச்சு இருக்கு, அது பாதி உண்மை. வண்டியை ஓட்டறதுக்காக இல்லாம வேற ஒரு வேலைக்கு வண்டியில இருக்கற மெஷின் ஓடியே ஆகணும்னா எஞ்சினை ஆஃப் பண்ண வேண்டியதில்லைன்னு விதியிலயே இருக்கு. மீன் கெட்டுப் போகாம இருக்க ஃப்ரிட்ஜ் ஓடணும், அந்த ஃப்ரிட்ஜ் வேனோட எஞ்சின்ல இருந்துதான் ஓடுதுன்னா, பின்னாடி மீன் இருக்கற வரைக்கும் அவர் பக்கம் நியாயம் இருக்கு. ஆனா மீனை இறக்கி முடிச்சாச்சு, வேன் காலி, அவர் முன்னாடி உக்காந்து டீ குடிச்சுட்டே ஹீட்டருக்காக ஓட விடறார்னா அந்த விலக்கு அங்க இல்ல. ஃப்ரிட்ஜுக்குத் தனியா சின்ன மோட்டார் இருக்கற வேன்னா வேனோட பெரிய எஞ்சின் ஓடணும்னு அவசியமே இல்ல, அப்பவும் விலக்கு இல்ல. வேனோட ஃப்ரிட்ஜ் எதுல ஓடுதுன்னு சர்வீஸ் பண்ற கராஜ்ல கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க. வார்டன் வந்தா சண்டை போடாம பின் கதவைத் திறந்து மீனைக் காட்டட்டும், டெம்பரேச்சர் டிஸ்ப்ளே இருந்தா அதையும் காட்டட்டும். ஆஃப் பண்ணச் சொல்லி மறுத்தா அது தனிக் குத்தம், கோர்ட்டுக்குப் போனா 20 பவுண்டோட நிக்காது, 1,000 வரைக்கும் போகும், அதனால பேசிப் புரிய வைக்கறதுதான் வழி. விடியக் காலையில கண்ணாடியில படிஞ்ச ஐஸ் உருகட்டும்னு வேனை வாசல்ல ஓடவிட்டு உள்ள போறது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆளில்லாத வண்டியை ரோட்ல ஓட விடறது தனிக் குத்தம், யாராவது ஏறி ஓட்டிட்டுப் போயிட்டா இன்சூரன்ஸும் கையை விரிச்சிடும்.

உங்க விஷயத்துக்கு வர்றேன். ஃபைன் இல்லைன்னு சொன்னதால ஸ்கூல் வாசல்ல ஓட விடலாம்னு எடுத்துக்காதீங்க, இதை ஒரு அண்ணனா சொல்றேன். மூணேகால் மணிக்கு அந்த கேட் பக்கத்துல வரிசையா பதினஞ்சு இருபது கார் நிக்கும், பிள்ளைங்க மூக்கு சரியா புகைக்குழாய் உயரத்துல இருக்கும். லூயிஷம்ல சவுத் சர்க்குலர் ரோடு பக்கத்துல குடியிருந்த எலா கிஸ்ஸி-டெப்ரான்னு ஒரு 9 வயசுக் குழந்தை ஆஸ்துமாவால 2013-ல செத்துப் போச்சு, காத்து மாசும் அந்தச் சாவுக்கு ஒரு காரணம்னு 2020 டிசம்பர்ல கரோனர் (சாவுக்கான காரணத்தை விசாரிக்கற அதிகாரி) தீர்ப்பு குடுத்தார். 2002-ல வச்ச 20 பவுண்ட் அதுக்கப்புறமும் 20 பவுண்டாவே கிடக்கு. போர்டு வைப்பாங்க, வருஷத்துல ரெண்டு வாரம் ஆள் நிப்பாட்டுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க.

குளிருக்கு வழி இருக்கு. ஓட்டிட்டு வந்த காரோட எஞ்சின் தண்ணி சூடாத்தான் இருக்கும், எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு சாவியை ஒரு படி மட்டும் திருப்பி ஃபேனைக் குறைச்சு வைங்க, பத்து நிமிஷம் வரைக்கும் வெதுவெதுன்னு காத்து வரும். நல்ல பேட்டரின்னா அதுக்கு ஒண்ணும் ஆகாது. தூங்கற சின்னவனுக்கு ஒரு கம்பளியைக் கார்லயே வச்சுக்கோங்க, பெல்ட் போட்டதுக்கு அப்புறம் அதுக்கு மேல போர்த்துங்க, தடிமனான ஜாக்கெட்டோட பெல்ட் போடாதீங்க, பெல்ட் சரியாப் பிடிக்காது. அந்த 60 பவுண்ட்காரர் மறுபடி போன் பண்ணா "கவுன்சில் சைட்ல பார்த்துட்டேன், டிக்கெட் எதுவும் இல்ல"ன்னு சொல்லிட்டு வச்சிடுங்க.