கேட்டலாக்கும் சித்தப்பாவும்

வணக்கம் சார்,

வெளிநாட்டு நூலகம் ஒன்றின் இணையத் தொகுப்பில் நம் கன்னியாகுமரிப் படம் ஒன்று கிடைத்தது. கரையில் கட்டுமரங்கள், பின்னால் காந்தி மண்டபம். கேட்டலாக்கில் '[கடற்கரை, கேப் கொமரின், திருவிதாங்கூர்]', 'சுமார் 1930' என்று இருக்கிறது. கீழே, 'பின்புறம் பென்சிலில் 1136. பதிவு எண்ணாக இருக்கலாம்' என்று ஒரு குறிப்பு. சித்தப்பாவிடம் காட்டினேன். 'இது நான் பள்ளிக்கூடம் போகும்ப உள்ள கேப்புல்லாடே' என்கிறார். நூலகத்தை நம்புவதா, சித்தப்பாவையா?

எம்., குளச்சல்

அன்புள்ள எம்.,

நான் சித்தப்பா கட்சி. அவர் சொன்னதற்காக இல்லை, காந்தி மண்டபத்துக்காக. காந்தியின் அஸ்தியை அங்கே கடலில் கரைத்ததே 1948-இல். மண்டபம் கட்டி முடிந்தது 1956-இல். 1930-இல் எடுத்த படத்தில் அது எப்படி வரும்?

அதற்காக நூலகம் பொய் சொல்கிறது என்றும் இல்லை. தலைப்பைச் சுற்றிச் சதுர அடைப்புக்குறி இருக்கிறதே, அதைப் பலரும் கவனிப்பதில்லை. படத்தில் தலைப்பு எதுவும் எழுதியிருக்கவில்லை, பட்டியல் போட்டவரே வைத்தது என்று அதற்கு அர்த்தம். ஆகவே உள்ளே இருக்கும் 'திருவிதாங்கூர்' படத்தின் காலத்துக்குச் சாட்சியாகாது. 'சுமார்' என்பதும் அவருடைய ஊகம்தான். பெட்டியோடு வந்து சேர்ந்த படங்களுக்கெல்லாம் மொத்தமாக ஒரே வருடத்தைப் போட்டுவிடுவதும் உண்டு. நானே ஒருமுறை ஒரு கட்டுரையில் 'சுமார்' என்ற சொல்லை விழுங்கிவிட்டு வருடத்தை மட்டும் எழுதி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சரி, படத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பியதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில் பாறை தெரிகிறது. மேலே ஒன்றுமில்லை, சாரம்கூட இல்லை. விவேகானந்தர் மண்டபத்தைத் திறந்தது 1970-இல். அதற்கு முன் சில வருடங்கள் அங்கே வேலை நடந்தது. அப்படியானால் படம் ஐம்பதுகளின் கடைசியிலோ அறுபதுகளின் தொடக்கத்திலோ எடுத்ததாக இருக்க வேண்டும்.

எனக்குச் சுவாரசியம் அந்த 1136-இல்தான். அயல்நாட்டில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறவருக்கு அது வெறும் எண். நம் பக்கத்துக்காரனுக்கு உடனே கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள நாட்காட்டியின் ஆண்டு, ஞாபகம் வரும். 1924 வெள்ளத்தை மலையாளத்தில் 'தொண்ணூற்றொன்பதிலே வெள்ளம்' என்பது 1099-ஐ வைத்துத்தான். கணக்கு எளிது: ஆங்கில வருடம் வர, கொல்லம் ஆண்டோடு 825 கூட்ட வேண்டும், ஆவணியில் ஆண்டு பிறப்பதால் டிசம்பர் வரைக்கும் 824. 1136 என்றால் 1960 ஆகஸ்ட் முதல் 1961 ஆகஸ்ட் வரை. மண்டபமும் பாறையும் சொல்வதோடு அச்சாகப் பொருந்துகிறது. திருவிதாங்கூர் போய் நாம் சென்னை மாநிலத்தில் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தாலும், பெரியவர்கள் பழைய கணக்கை விடவில்லை.

ஆனால் பொருந்துகிறது என்பதற்காகத் துள்ள வேண்டாம். அதே தொகுப்பில் பக்கத்துப் படங்களின் குறிப்பையும் பாருங்கள். 1135, 1137 என்று வரிசையாக ஓடினால் அது பதிவு எண்ணேதான், என் கணக்கு அதோடு விழுந்தது. அப்போதும் காந்தி மண்டபம் நிற்கும். அதை மட்டும் சொல்லி நூலகத்துக்குத் திருத்தம் எழுதலாம்.

அப்புறம், சித்தப்பாவிடம் 1136 பற்றி இப்போதைக்கு வாய் திறக்காதீர்கள். எந்த வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார் என்று முதலில் கேட்டு எழுதுங்கள்.